எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது, பிறகும் தாய் ஏன் சாகிறாள்?

வடசென்னை_செல்வி (ஞாயிறு, இரவு 10.42)

போன மாதம் என் சித்தி மகள் செத்துப் பிழைத்தாள். இரண்டாவது பிரசவம், சுகப்பிரசவம். இடம் ஒரு சின்ன நர்சிங் ஹோம், பெயர் வேண்டாம். மதியம் 3 மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான்தான் வார்டு முழுக்க சாக்லேட் கொடுத்துவிட்டு வந்தேன். நாலரை மணிக்கு அவள், "அக்கா, ரொம்பத் தாகமா இருக்கு, கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்றாள். ஆயாவைக் கூப்பிட்டேன். வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டு, "பச்சை உடம்பு, அப்படித்தாம்மா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போர்வையை விலக்கினேன். மெத்தைமேல் போட்டிருந்த ரெக்சின் விரிப்பில் ரத்தம் தேங்கி நின்றது. அவள் படுத்திருந்ததால் மேலே எதுவும் தெரியவில்லை. பிரசவம் பார்த்த டாக்டர் அந்த நேரத்தில் வேறொரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனில் இருந்தார். 108-ஐ வரவழைத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஏழு யூனிட் ரத்தம் ஏற்றி, கருப்பையை எடுத்துத்தான் உயிரைப் பிடித்து வைத்தார்கள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை, கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2023-ல் உலகத்தில் சுமார் 2,60,000 பெண்கள் கர்ப்பத்திலும் பிரசவத்திலும் இறந்திருக்கிறார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருத்தி. தமிழ்நாட்டில் 100-க்கு 99 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்தும் ஒருத்தி இப்படிப் போகலாம் என்றால், எங்கே தப்பு நடக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரிட்டயர்டு_சிஸ்டர் (ஞாயிறு, இரவு 11.15)

செல்வி, உன் தங்கச்சி பிழைத்ததைக் கேட்டு மனசு நிறைந்ததம்மா. 31 வருஷம் லேபர் வார்டில் இருந்தேன், அதிலிருந்து சொல்கிறேன்.

நிறைமாதத்தில் ஒரு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கருப்பைக்கு ஓடுகிறது. நஞ்சுக்கொடி கழன்று வந்ததும் அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் வாய் திறந்து நிற்கும். கருப்பை கல் மாதிரி இறுகினால்தான் அவை மூடும். தொப்புளுக்குக் கீழே கை வைத்துப் பார்த்தால் கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். பிசைந்த மாவு மாதிரி தொளதொளவென்று இருந்தால் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நல்ல ஆரோக்கியமான பெண்கூட இரண்டு மணி நேரத்தில் போய்விடுவாள்.

தாகம், கண் இருட்டல், கை சில்லிடுவது, மனசு படபடப்பது, இதெல்லாம் உடம்பு கூப்பிட்டுச் சொல்வது. முதலில் நாடி ஓட ஆரம்பிக்கும், பி.பி. கடைசியில்தான் விழும். பி.பி. நார்மல்தானே என்று நிம்மதியாக நிற்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிரசவமான முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வயிற்றைத் தொட்டு, நாடி பார்த்து, துணியை எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் எல்லோரும் குழந்தையைச் சுற்றி நிற்பார்கள்.

குழந்தை வெளியே வந்ததும், கருப்பையை இறுக வைக்கும் ஆக்சிடோசின் ஊசி போட வேண்டும். அதைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருந்தால்தான் வீரியம் இருக்கும். மே மாதச் சென்னையில் கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் நின்றால் அந்த மருந்தை நம்ப முடியாது. வெயிலைத் தாங்கும் கார்பெட்டோசின் என்ற ஊசி இப்போது வந்திருக்கிறது.

வேம்பு (திங்கள், காலை 6.50)

சகோதரியின் வேதனை புரிகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். எங்கள் பாட்டி ஒன்பது பிள்ளை பெற்றவர், எல்லாமே வீட்டில், மருத்துவச்சி கையால். இன்று நம் மாநிலத்தில் கிட்டத்தட்ட பாதிப் பிரசவம் சிசேரியன் என்கிறார்கள். ஆஸ்பத்திரியே பயத்தை விற்கிற இடமாகிவிட்டதோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. பெண்ணின் உடம்புக்குப் பெற்றுக்கொள்ளத் தெரியாதா?

மயிலை_பேத்தி (திங்கள், காலை 8.05)

வேம்பு ஐயா, உங்கள் பாட்டி தாத்தாவுக்கு எத்தனையாவது தாரம் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

என் அம்மாவழித் தாத்தாவுக்கு மூன்று தாரம். முதல் இரண்டு பேரும் பிள்ளைப்பேற்றில் போனவர்கள். என் பாட்டி மூன்றாவது. முதலாமவள் பெயராவது தெரிகிறது. இரண்டாமவளை "நடுவுல வந்தவ" என்றுதான் வீட்டில் சொல்வார்கள். வருஷா வருஷம் ஒரு புடவை வைத்துப் படைப்பார்கள், அவ்வளவுதான். பிழைத்த பாட்டிகளைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். மற்றவர்கள் நமக்குப் பாட்டியாக ஆகவேயில்லை.

செங்கல்பட்டைத் தாண்டி உள்ளூர்ச் சாலைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் கிடத்தியிருக்கும். வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைக்க. வயிற்றில் பிள்ளையோடு இறந்தவள் நினைவாக, அவள் இறக்கி வைக்காமல் போன சுமைக்காக, வைத்தது அது. எத்தனை ஊரில் எத்தனை கல்! நாட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டது என்றால் அத்தனை கல் ஏன் நட்டார்கள்?

எண்ணும்_எழுத்தும் (திங்கள், மதியம் 1.20)

பொதுச் சுகாதாரம் படிக்கிறேன், தரமணியில் இருக்கிறேன். கொஞ்சம் கணக்கு சொல்கிறேன்.

பேறுகால மரணம் என்றால் கர்ப்பத்தில், பிரசவத்தில், அல்லது கர்ப்பம் முடிந்து 42 நாளுக்குள் அது சம்பந்தமான காரணத்தால் நேரும் இறப்பு. உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு எத்தனை தாய் இறக்கிறாள் என்று கணக்கிடுவார்கள். உலகச் சராசரி 2023-ல் 197. 2030-க்குள் 70-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது நிலைத்த வளர்ச்சி இலக்கு. இப்போது போகிற வேகத்தில் அது நடக்காது. நைஜீரியாவில் 993. உலகத்தில் நடக்கும் இறப்புகளில் கால்பங்குக்கு மேல் அந்த ஒரே நாட்டில். மொத்த இறப்பில் சுமார் 70 சதவிகிதம் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் நடக்கிறது. இந்தியாவில் அந்த ஆண்டு சுமார் 19,000 பேர்.

நம் நாட்டுக்குள்ளேயே இருக்கும் வித்தியாசத்தைப் பாருங்கள். 2018-20 அரசு மாதிரிப் பதிவுக் கணக்கில் (எஸ்.ஆர்.எஸ்.) கேரளம் 19, தமிழ்நாடு 54, அசாம் 195. ஒரே நாடு, ஒரே மருந்து, ஒரே பாடப்புத்தகம்.

வேம்பு ஐயா, சிசேரியன் பற்றி நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வில் (2019-21) தமிழ்நாட்டில் சுமார் 45 சதவிகிதம் சிசேரியன், தனியார் ஆஸ்பத்திரிகளில் 60-ஐத் தாண்டுகிறது. தேவையில்லாத அறுவை அடுத்த பிரசவத்தில் நஞ்சுக்கொடி தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தைக் கூட்டும். இதையும் எதிர்த்துப் பேசத்தான் வேண்டும். ஆனால் நைஜீரியக் கிராமத்தில் சிசேரியன் கிடைக்காமல் சாகிறார்கள், சென்னையில் தேவையில்லாமல் கிழிக்கிறார்கள். இரண்டுமே தாய்க்கு எது தேவை என்று கவனமாகப் பார்க்காததால் வருவது. வீட்டிலேயே பெற்றுக்கொள்வது இரண்டில் எதற்கும் பதில் ஆகாது.

பெரம்பூர்_அப்பா (திங்கள், இரவு 9.30)

இதை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். என் மனைவிக்கு எட்டாம் மாதம் ராத்திரி 11 மணிக்கு ரத்தம் பட்டது. நான் வேலைக்காக ஹைதராபாத்தில் இருந்தேன். என் அம்மா, "அவன் வந்துடட்டும், ஆம்பளை இல்லாம எப்படி போறது" என்றார். மாமியார், "விடியட்டும், ராகுகாலம் கழியட்டும்" என்றார். இருவருமே அவள்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். காலை எட்டரை வரை அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்திருக்கிறாள். குழந்தை போய்விட்டது. அவள் இருக்கிறாள்.

எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி ஆட்டோவில் பத்து நிமிடம். ஒன்பதரை மணி நேரம் வீட்டுக்குள்ளேயே போனது.

எண்ணும்_எழுத்தும் (திங்கள், இரவு 10.10)

அண்ணா, உங்கள் இழப்புக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

இதை 1994-ல் தாடியஸ், மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்று தாமதம் என்று பிரித்து எழுதினார்கள். கிளம்பலாமா என்று முடிவெடுக்கும் தாமதம், போய்ச் சேரும் தாமதம், போன இடத்தில் சரியான சிகிச்சை கிடைக்கும் தாமதம். உங்களுக்கு நடந்தது முதலாவது. செல்வி அக்காவின் தங்கைக்கு நடந்தது மூன்றாவது. 2008-ல் 108 வந்தபிறகு நம் ஊரில் நடுவில் உள்ளது நிறையக் குறைந்துவிட்டது. முதலும் கடைசியும் அப்படியே நிற்கின்றன.

யாழ்ப்பாணத்தான் (செவ்வாய், காலை 7.15)

நான் இப்ப வளசரவாக்கத்தில் இருக்கிறன். எங்கட நாட்டுக் கதையையும் சொல்ல வேணும்.

1930களில் இலங்கையில் லட்சம் பிறப்புக்கு 2000 தாய்மாருக்கு மேல் இறந்தவை. 1950களில் அது 500-க்குக் கீழ் வந்துவிட்டது. இப்ப 30-க்கும் கீழ். அந்தக் காலத்தில் நாடு பணக்கார நாடாக இருக்கவில்லை. செய்த வேலை இதுதான்: ஊருக்கு ஊர் பயிற்சி பெற்ற மருத்துவமாது, அவவுக்குப் பின்னால் ஒரு ஆஸ்பத்திரி, எல்லாம் இலவசம். எங்கட அம்மா என்னைச் சுமந்த காலத்தில் மருத்துவமாது சைக்கிளில் வீட்டுக்கு வந்து போவாவாம். சண்டைக் காலத்திலும் வந்தவவாம். குசினிக்குள் போய் என்ன சமைச்சிருக்கு என்று சட்டியைத் திறந்து பார்ப்பாவாம்.

ஒரு தாய் இறந்தால் கட்டாயம் அறிவிக்க வேணும், பிறகு எல்லாரும் இருந்து ஏன் என்று விசாரிப்பினம். தண்டிக்கிறதுக்கு இல்லை, அடுத்தவளைக் காப்பாற்ற. மலேசியாவும் ஏறத்தாழ இதே வழியில்தான் வந்தது.

ரிட்டயர்டு_சிஸ்டர் (செவ்வாய், காலை 9.40)

தம்பி சொன்ன விசாரணையைப் பற்றி நானும் எழுத நினைத்தேன். நம் ஊரிலும் அது உண்டு. 1990களிலேயே ஒவ்வொரு தாய் மரணத்தையும் அறிவிக்கச் சொன்னார்கள். 2004 வாக்கில் அது இன்னும் ஆழமாக நடக்க ஆரம்பித்தது. வீட்டுக்கே போய், கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று மணிக்கணக்கோடு கேட்டு எழுதுவார்கள். பிறகு கலெக்டர் தலைமையில் கூட்டம். இறந்தவளின் வீட்டாரையும் அழைத்துப் பேசச் சொல்வார்கள்.

அப்படி ஒரு கூட்டத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மாவட்டம் வேண்டாம். அந்தப் பெண்ணின் அப்பா, ஒல்லியான மனிதர், வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டே பேசினார். "ஏழு மணிக்கு வந்தோம். எட்டு மணிக்கு ரத்தம் வேணும்னாங்க. ரெண்டு பையனுங்களைக் கூட்டிட்டு வந்தேன். க்ரூப் சேரலைன்னாங்க. பத்து மணிக்கு வேற ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னாங்க." இப்படி மணியை மட்டும் வரிசையாகச் சொன்னார். யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. எங்களால் தலை நிமிர முடியவில்லை. அந்த மாவட்டத்தில் அதற்கப்புறம் ரத்தச் சேமிப்பு அறை வந்தது. சீமாங் சென்டர் என்கிறார்களே, ராத்திரி பகல் எந்நேரமும் மகப்பேறு டாக்டர், மயக்க டாக்டர், ரத்தம் மூன்றும் இருக்கிற இடம், அதெல்லாம் இப்படிப்பட்ட மரணங்களைக் கேட்டுக் கேட்டு வளர்ந்ததுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று நர்ஸ் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்ததும், பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதித்ததும் அந்த வருஷங்களில்தான்.

துணைக்கு ஒருத்தி இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? செல்வி, அன்றைக்குப் போர்வையை விலக்கியது நீதானே.

வடசென்னை_செல்வி (செவ்வாய், மதியம் 2.05)

சிஸ்டர் அம்மா, உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு ஆபீஸில் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ரத்தப்போக்கை அளக்க ஒரு வழியும் இல்லையா? கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டுமா?

எண்ணும்_எழுத்தும் (செவ்வாய், மாலை 4.30)

இருக்கிறது அக்கா. கண்ணால் பார்த்தால் பாதியாகத்தான் மதிப்பிடுவோம். பிரசவத்தின்போது தாய்க்குக் கீழே, அடியில் பை வைத்த, அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போடுவார்கள். ரத்தம் அதில் வடியும், எத்தனை மில்லி என்று கோட்டைப் பார்த்தாலே தெரியும். கோட்டைத் தாண்டினால் மசாஜ், ஆக்சிடோசின், ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட், சலைன், உள்ளே பரிசோதனை என எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் ஒரே மூச்சில் செய்ய வேண்டும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 ஆஸ்பத்திரிகளில் சோதித்து 2023-ல் முடிவு வெளியிட்டார்கள். கடும் ரத்தப்போக்கு முதலான மோசமான விளைவுகள் 60 சதவிகிதம் குறைந்தன. அதில் புது மருந்து ஒன்றுகூட இல்லை!

பக்கத்து வங்காளதேசத்தில் டாக்டர் சயீபா அக்தர் 2000-ல் செய்ததும் இப்படித்தான். கருப்பைக்குள் அழுத்தம் கொடுக்கும் பலூன் விலை அதிகம், அவரிடம் இல்லை. சிறுநீர்க் குழாயின் நுனியில் ஒரு ஆணுறையைக் கட்டி உள்ளே வைத்து, சலைனால் நிரப்பினார். ரத்தம் நின்றது. இன்று பல நாடுகளில் அந்த முறை இருக்கிறது.

ரிட்டயர்டு_சிஸ்டர் (செவ்வாய், மாலை 5.10)

நம் 108 வண்டியிலும் ஒரு உடுப்பு வைத்திருக்கிறார்கள். கணுக்காலிலிருந்து வயிறு வரை வெல்க்ரோ போட்டு இறுக்கிக் கட்டுவது. கால் பக்கத்து ரத்தத்தை மேலே நெஞ்சுக்கும் மூளைக்கும் தள்ளி, ஆஸ்பத்திரி போகும்வரை நேரம் வாங்கிக் கொடுக்கும். செல்வி, உன் தங்கைக்கும் அதைக் கட்டியிருப்பார்கள்.

மயிலை_பேத்தி (செவ்வாய், இரவு 8.45)

இன்னொரு விஷயத்தை யாரும் தொடவில்லை. கருக்கலைப்பு. ருமேனியாவில் 1966-ல் அதைத் தடை செய்தார்கள். பெண்கள் ஒளிந்து ஒளிந்து செய்துகொண்டு செத்தார்கள், ஐரோப்பாவிலேயே மிக மோசமான எண்ணிக்கை. 1989 கடைசியில் தடை போனது, அடுத்த வருஷமே தாய் இறப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இந்தியாவில் 1971-லிருந்தே சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் கல்யாணமாகாத பெண் போய்க் கேட்டால் முகத்தைப் பார்க்கிற பார்வையில் அவள் திரும்பி வந்து ஏதாவது மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்குகிறாள். அதில் செத்தால் அதுவும் தாய் மரணம்தான், வீட்டார் "வயித்து வலி" என்று சொல்லிவிடுவதால் கணக்கில் வருவதில்லை.

திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியை 1885-ல் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் ஆரம்பித்த காரணமும் பெண்ணின் வெட்கம்தான். ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டோம் என்று இங்கே பெண்கள் செத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அவர் 1875-ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் சேர்ந்தார். ஆப்கானிஸ்தானில் 2024 டிசம்பரில் பெண்கள் மருத்துவச்சிப் படிப்புப் படிக்கவும் தடை போட்டார்கள். ஆண் டாக்டர் தொடக் கூடாது, பெண் படிக்கக் கூடாது. அங்கே கர்ப்பமாக இருக்கிறவள் யாரிடம் போவாள்? நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

வேம்பு (செவ்வாய், இரவு 10.20)

வீட்டில் கேட்டேன். என் பாட்டி இரண்டாம் தாரம். முதலாமவர் தலைப்பிரசவத்தில் வலிப்பு வந்து இறந்தாராம். எனக்கு 46 வயது, இதுவரை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சிசேரியன் பற்றிய என் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

வடசென்னை_செல்வி (புதன், மாலை 6.35)

வேம்பு ஐயா, வலிப்பு என்று நீங்கள் எழுதியதால் கேட்கிறேன். சிஸ்டர் அம்மா இருக்கிறீர்களா?

எங்கள் கீழ்வீட்டில் ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம். அந்தப் பெண்ணுக்கு எட்டு மாதம் இருக்கும். இரண்டு நாளாகத் தலைவலி என்று தலையில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முகம் உப்பியிருக்கிறது. கண்ணாடி வளையல் மணிக்கட்டில் இறுகி ஏறி இறங்க மாட்டேன் என்கிறது. பாஷை சரியாகப் புரியவில்லை. பிக்மி நம்பர் (அரசில் கர்ப்பத்தைப் பதிந்தால் கிடைக்கும் எண்) எடுத்தமாதிரியும் தெரியவில்லை.

ரிட்டயர்டு_சிஸ்டர் (புதன், மாலை 6.41)

கண்ணுக்கு முன்னால் மின்னுகிறதா, மேல்வயிறு வலிக்கிறதா என்று சைகையிலாவது கேள். பதில் எதுவாக இருந்தாலும் இப்போதே 108 கூப்பிடு. விடியட்டும் என்று இருக்காதே. நம்பர் இல்லை என்று அரசு ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்ப மாட்டார்கள், சண்டை போட்டாவது உள்ளே போ. நீயும் கூடவே போ.

வடசென்னை_செல்வி (வியாழன், அதிகாலை 2.50)

பி.பி. 170/110. போனதும் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். மெக்னீசியம் சல்பேட் போட்டிருக்கிறார்கள். அவள் கணவர் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், என் பேனாவில்தான் கையெழுத்துப் போட்டார்.

எண்ணும்_எழுத்தும் (வியாழன், காலை 7.00)

அந்த மருந்து வலிப்பு வரும் அபாயத்தைப் பாதிக்குமேல் குறைக்கும் என்று 2002-லேயே 33 நாடுகளில் நடந்த ஆய்வில் உறுதியானது. விலையும் மிகக் குறைவு. சரியான நேரத்தில் போயிருக்கிறீர்கள் அக்கா.

வடசென்னை_செல்வி (வெள்ளி, இரவு 9.15)

நேற்று மதியம் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பையன், 1.8 கிலோ, கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறான். அவளுக்குத் தலைவலி போய்விட்டது. இன்று என் கையைப் பிடித்து ஒடியாவில் ஏதோ சொன்னாள், வளையல் இப்போது தளர்ந்து தொங்குகிறது. என் சித்தி மகளே ஒரு டப்பாவில் ரசம் சாதம் கொடுத்தனுப்பினாள். பெரம்பூர் அண்ணன் இரண்டு ரத்த தானக்காரர்களை அழைத்து வந்து காத்திருந்தார், தேவைப்படவில்லை.

ரிட்டயர்டு_சிஸ்டர் (வெள்ளி, இரவு 9.32)

நல்லது கண்ணு. வீட்டுக்கு வந்தபிறகுதான் பி.பி. சிலருக்குத் திரும்ப ஏறும். மாத்திரையை நிறுத்த விடாதே. முதல் பத்து நாள் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் 42 நாள் முடியும்வரை வாரம் ஒருமுறை பி.பி. பார்க்க வேண்டும். தலைவலி, மூச்சுத் திணறல், காய்ச்சல், தையலில் சீழ், சும்மா உட்கார்ந்து அழுதுகொண்டே இருப்பது, எது வந்தாலும் உடனே கூட்டிப் போ.

வடசென்னை_செல்வி (வெள்ளி, இரவு 9.40)

42-வது நாள் எந்தத் தேதி என்று காலண்டரில் வட்டம் போட்டுவிட்டேன் அம்மா. பி.பி. பார்க்கும் மிஷின் எந்த மாதிரி வாங்கட்டும், கையில் கட்டுவதா, மணிக்கட்டில் கட்டுவதா?

ரிட்டயர்டு_சிஸ்டர் (வெள்ளி, இரவு 9.44)

மேல்கையில் கட்டுவது.